பி. ஜோசப் ராஜ் என்ற பெயருக்கு

செக்காலை, காரைக்குடி
2 ஜூன் 2025

பெனோவுக்கு,

நான் ஏன் போன் எடுக்கவில்லை என்று அம்மாவிடம் நான்கு தடவை கேட்டாயாம். உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். பேசினால் நீ அழுவாய், இல்லாவிட்டால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பாய். இரண்டும் இப்போது வேண்டாம். நீயும் கடிதமே எழுது. எழுதிவிட்டால் பிறகு அப்படிச் சொல்லவில்லை என்று சாதிக்க முடியாது.

அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து நீ ஹைதராபாத்துக்குக் கிளம்பிய மறுநாள், அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் எழுதிப்போட அப்பாவின் கோப்பைப் பீரோவிலிருந்து எடுத்தேன். பி. ஜோசப் ராஜ் என்று வந்த எல்லாக் காகிதமும் அந்தக் கோப்பில்தான் இருக்கும். பள்ளிக்கூடத்து உத்தரவு, ஓய்வுச் சான்றிதழ், எல்.ஐ.சி. அதற்கு நடுவில் 2014இல் புனேயிலிருந்து வந்த கடிதமும் இருந்தது. அதுவும் பி. ஜோசப் ராஜுக்குத்தான் வந்திருந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கும். இல்லையென்றாலும் சொல்கிறேன். பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம். கல்லூரி மாணவர்களுக்கு எட்டு வாரக் கோடை ஆராய்ச்சிப் பயிற்சி என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். இருவரும் செம்மலை அண்ணன் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தோம். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்டது. நமக்கு ஏது கடைசிப் பெயர்? இனிஷியல்தான் உண்டு. செம்மலை அண்ணன், "அப்பா பேர முழுசா கடைசிக் கட்டத்துல போட்ருவோம்" என்று அடித்துவிட்டார். அந்த நிறுவனத்துக் கணினி நம் பெயரைச் சுருக்கி, அப்பா பெயரை விரித்துவிட்டது. பெனோவும் பி. ஜோசப் ராஜ். பெனிட்டாவும் பி. ஜோசப் ராஜ். பெர்னார்ட் மகனான அப்பாவும் பி. ஜோசப் ராஜ். இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே எழுத்தில் பெயர் வைத்த அம்மாவைத்தான் சொல்ல வேண்டும்.

தபால்காரர் அப்பாவின் கையில்தான் கொடுத்தார். அப்பா அதைப் படித்துவிட்டு, "தம்பிக்கு வந்திருக்கு ஆத்தா. உனக்கு அடுத்த வருசம் பாப்போம்" என்றார். நான் உனக்குப் பெட்டி அடுக்கினேன். கை முறுக்கு டப்பாவை வைக்க இடமில்லை என்று நீ சண்டை போட்டாய்.

கடிதத்தில் விண்ணப்ப எண் போட்டிருக்கிறது. 2287. செம்மலை அண்ணன் அன்றைக்கு அச்செடுத்துக் கொடுத்த இரண்டு ரசீதுகளும் கடிதத்தோடு ஊசி குத்தி இருக்கின்றன. உன்னுடையது 2286. என்னுடையது 2287.

கோப்பை மூடிவிட்டு அரிசி மில்லுக்கு வேலைக்குப் போனேன். அன்றைக்கு ஒன்பது லாரி நெல் வந்திருந்தது. ஒன்பதுக்கும் மீட்டர் வைத்து ஈரம் பார்த்து எழுதினேன். சாயங்காலம் புதுவயலில் பஸ் ஏறி வந்து சாப்பிட்டேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கோபம் வரும் என்று காத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை.

ஒரே கேள்விதான். உனக்குத் தெரியுமா?

பெனிட்டா

&nbsp;

ஹைதராபாத்
9 ஜூன் 2025

அன்புள்ள பெனி,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கட்டின மனைவி ரீனாவிடம்கூடக் காட்டவில்லை. அப்பா போய் ஒரு மாதம்தான் ஆகிறது, அதற்குள் இப்படி ஒரு இடி. பதினொரு வருடத்துக்கு முன் நடந்ததை இப்போது யார் சரியாகச் சொல்ல முடியும்? அப்பா எனக்கு வந்திருக்கிறது என்றார். நான் போனேன். இருபது வயதில் யார் விண்ணப்ப எண்ணை ஒத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? ரசீது இரண்டும் அப்பாவிடம்தான் இருந்தன. செம்மலை அண்ணன் அவசரத்தில் ரசீதை மாற்றிக் கொடுத்திருக்கலாம். அதையும் யோசித்துப் பார்.

அந்தப் பெயரால் நானும் கொஞ்சமாகவா பட்டேன்? போய் இறங்கிய அன்றே ஹாஸ்டல் அறை கிடைக்காமல் மதியம்வரை பெட்டியோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். இந்தி தெரியாது. உன் முறுக்கைத்தான் தின்றுகொண்டிருந்தேன். நமக்கு இனிஷியல் என்று ஒன்று இருப்பதை அங்கே யாருக்கும் புரியவைக்க முடியாது.

நீ மனசில் எதை வைத்து எழுதியிருக்கிறாய் என்று புரிகிறது. அந்த எட்டு வாரம் இல்லையென்றால் என் பி.எச்டி. இல்லை, இந்த வேலையும் இல்லை. நான் மறுக்கவில்லை. ஆனால் எட்டு வாரம் மட்டுமே ஒருத்தனை ஆளாக்கிவிடாது பெனி. அதற்குப் பிறகு ஏழு வருடம் நாய் மாதிரி உழைத்தேன். நீயும் அடுத்த வருடம் போட்டிருக்கலாம். போடவே இல்லையே. எம்.எஸ்ஸி.க்கும் போடவில்லை. நான் எத்தனை தடவை போனில் சொன்னேன்? இன்னொன்று சொன்னால் கோபிக்காதே. நீ அப்போது அழவே இல்லை. வருத்தப்பட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

இதில் ஒரு வேடிக்கை பார். நம் கல்லூரி முதல்வர் போன வாரம் கூப்பிட்டார். ஆகஸ்ட் 22ஆம் தேதி மாணவர்களுக்குப் பேச வேண்டுமாம். ஒரு கோடைப் பயிற்சி எப்படி ஒரு மாணவனின் படிப்பையும் வேலையையும் மாற்றியது என்று தலைப்பும் அவர்களே வைத்துவிட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். அதற்கு வரும்போது நேரில் உட்கார்ந்து பேசுவோம். அதற்குள் போனைத் திறந்து வை. அம்மாவிடம் எதுவும் சொல்லாதே, தாங்க மாட்டார்கள்.

உன்
பெனோ

&nbsp;

செக்காலை
18 ஜூன் 2025

பெனோவுக்கு,

உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். தெரியும் என்றும் இல்லை, தெரியாது என்றும் இல்லை. சின்ன வயதில் பாகற்காயைத் தட்டில் சோற்றுக்கு அடியில் ஒளித்துவைப்பாயே, அந்தப் புத்தி போகவில்லை.

செம்மலை அண்ணன் மேல் பழி போடாதே. ரசீதில் எண்ணுக்குக் கீழே பெயர் முழுதாக அச்சாகியிருக்கிறது. பெனிட்டா ஜோசப் ராஜ், 2287.

இப்போது நீ எழுதியதற்கே வருகிறேன். ஹாஸ்டல் அறை கிடைக்காமல் மதியம்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தாய். இதை நீ இதுவரை ஒருநாளும் சொன்னதில்லை. பி. ஜோசப் ராஜுக்கு இடம் கொடுத்திருந்தார்கள், பி. ஜோசப் ராஜ் போய் நின்றான். அறை ஏன் கிடைக்கவில்லை?

எனக்கு ஒரே காரணம்தான் தெரிகிறது. அதை நான் எழுத மாட்டேன். நீ எழுது.

நான் அழவில்லை என்கிறாய். உண்மைதான். எனக்கு வரவில்லை என்றதும் அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே கல்லூரியிலிருந்து இருவர் போட்டோம். அவன் எழுதியது எடுபட்டது, நான் எழுதியது எடுபடவில்லை. அப்படியென்றால் எனக்கு அவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன். அடுத்த வருடம் போடாததற்கும் எம்.எஸ்ஸி. போடாததற்கும் அதுதான் காரணம். புரொபசர் முத்துராமலிங்கம் சார் கூப்பிட்டுக் கேட்டபோதும், "எனக்கு வராது சார்" என்றேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று நீ எனக்குப் புத்தி சொல்ல வேண்டியதில்லை.

பெனிட்டா

&nbsp;

ஹைதராபாத்
29 ஜூன் 2025

பெனி,

தெரியும். போய் இறங்கிய முதல் நாளே தெரியும்.

பெண்கள் ஹாஸ்டலில் அறை போட்டிருந்தார்கள். வார்டன் அம்மாள் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த ஆள் ஒரு கோப்பை எடுத்துப் பிரித்தார். மேலே முழுப்பெயர் இருந்தது. பெனிட்டா ஜோசப் ராஜ். நான் தலைகீழாகவே படித்துவிட்டேன். பெனோவா பெனிட்டாவா என்று கேட்டார். பிறந்த தேதி கேட்டார், சொன்னேன், ஒத்துப்போயிற்று. முகவரியும் கல்லூரியும் ஒத்துப்போயின. ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? பெயரைத் தட்டச்சில் தவறாக அடித்திருக்கிறார்கள், ஆண் பெண் கட்டத்தையும் மாற்றிப்போட்டிருக்கிறார்கள் என்று அவரே முடிவு செய்துகொண்டு, பேனாவால் அடித்து பெனோ என்று எழுதினார். நான் வாய் திறந்து பொய் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். இத்தனை வருடமாக இதைச் சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்தி வந்தேன்.

பக்கத்து டீக்கடையில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டேன். "அப்பா, இது பெனிக்கு வந்த சீட்டு, நான் திரும்பி வரேன், அவள அனுப்புங்க" என்றேன். இது சத்தியம். நம்புவாயோ மாட்டாயோ. அப்பா, "தெரியும்ப்பா. நம்பர நானும் பாத்தேன்" என்றார். "பொம்பளப் பிள்ளைய எட்டு வாரம் அம்புட்டுத் தூரம் தனியா விடவா முடியும்? வந்தது வந்துட்ட, இருந்து படிச்சுட்டு வா. இங்குட்டு யார்கிட்டயும் சொல்லிக்கிற வேணாம், அம்மாட்டயும் வேணாம்" என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. அப்பா சொல்லிவிட்டார் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்னும் இருக்கிறது. கேட்டுவிடு.

விண்ணப்பத்தோடு இரண்டு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் இணையத்தில் பார்த்து ஏதோ நானோ துகள் என்று எழுதினேன். நீ நோட்டில் கையால் எழுதி, செம்மலை அண்ணனிடம் கொடுத்து ஸ்கேன் செய்து ஏற்றினாய். என்ன எழுதினாய் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. இரண்டாம் நாள் என் வழிகாட்டி அந்த இரண்டு பக்கத்தையும் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புதுவயல் மில்களில் நெல் ஊறவைத்து வடிக்கும் தண்ணீரைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் ஒரு கிணற்றைப் பற்றியும், மில்லில் மலையாகக் கிடக்கும் உமிச் சாம்பலை வைத்தே அதைத் தெளியவைக்க முடியுமா என்றும் கேட்டிருந்தாய். "நூற்றுச்சொச்சம் விண்ணப்பத்தில் இது ஒன்றில்தான் ஒரு கேள்வி இருந்தது. அதனால் எடுத்தேன்" என்றார். அது எந்தக் கிணறு என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "எங்கள் குடும்பத்துக் கிணறு" என்று சொல்லிவைத்தேன்.

எட்டு வாரமும் உமிச் சாம்பலில்தான் வேலை செய்தேன். முதல் கட்டுரை அது. பி.எச்டி. அது. இந்த வேலைக்கு நேர்காணலில் கேட்டதும் அதுதான். என் முதல் கட்டுரையின் முதல் வரியே, 'ஆசிரியரின் குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு கிணறு' என்று தொடங்கும். நீ உழைப்பைப் பற்றிக் கேட்கவில்லை, நான்தான் சொன்னேன். உழைத்தது நிஜம்தான். உன் கேள்விக்குத்தான் உழைத்தேன்.

ஆகஸ்ட் 22 அன்று மேடையில் இதைச் சொல்லப் போகிறேன். முதல்வர், மாணவர்கள், எல்லோர் முன்னாலும் உன் பெயரைச் சொல்கிறேன். நீ முன்வரிசையில் உட்கார வேண்டும். அதைத் தவிர நான் செய்யக்கூடியது என்ன என்று தெரியவில்லை.

பெனோ

&nbsp;

செக்காலை
8 ஜூலை 2025

பெனோவுக்கு,

மேடையில் சொல்லாதே.

நீ சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உன் குரல் நடுங்கும். முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நூறு பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். எவ்வளவு நேர்மையான மனுசர் என்று தேவகோட்டைவரை பேச்சாகிவிடும். அதையும் நீயே வாங்கிக்கொண்டு போவாய். நான் முன்வரிசையில் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வேண்டாம். இந்த ஒன்றையாவது நீ வாங்கிக்கொள்ளாதே.

அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். நீ வருடத்துக்கு இரண்டு தடவை வந்தாய், உனக்குத் தெரிந்திருக்காது.

பக்கவாதம் வந்து பேச்சு போனபிறகு அப்பா நான்கு வருடம் கிடந்தார். கஞ்சி கொடுப்பது, வாய் துடைப்பது, திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். மில்லுக்குப் போகிற நேரத்தில் மட்டும் அம்மா. கடைசி ஒரு வருடம், காலையில் கஞ்சி குடித்து முடித்ததும் இடது கையால் பீரோவைக் காட்டுவார். நான் துண்டு எடுத்துக் கொடுப்பேன், இல்லை என்று தலையாட்டுவார். கண்ணாடி, ஜெபமாலை, பைபிள் எல்லாம் எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். எதுவும் இல்லை. ஒருநாள் கோப்பை எடுத்துக் கொடுத்தேன். அதன்மேல் கையை வைத்து அழுதார். நான், "பென்ஷன் ஒழுங்கா வருதுப்பா, கவலைப்படாதீக" என்று சொல்லிக் கோப்பைத் திரும்பப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். மறுநாளும் காட்டினார். அதற்கு மறுநாளும் காட்டினார். தினமும் அதே பதிலைத்தான் சொன்னேன்.

இப்போது அந்தக் கட்டில் காலியாக இருக்கிறது. அதைப் பார்க்கிறேன். அவர்மேல் கோபப்படலாம் என்று பார்த்தால் வாய் துடைத்த ஈரம் கையில் இருக்கிறது. பாவம் என்று நினைக்கலாம் என்று பார்த்தால் 2287 என்ற எண் வருகிறது. இரண்டும் சேர்ந்து ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. மரத்துப்போன காலைத் தட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி என்னைத் தட்டிப் பார்த்துக்கொண்டு திரிகிறேன். மில்லில் புஷ்பவள்ளி அக்கா, "என்னடி, அப்பா போனதுலருந்து ஒரு மாதிரியா இருக்க" என்றாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

உன் பி.எச்டி. புத்தகத்தின் நன்றிப் பக்கத்தில் என் பெயரைப் போட்டிருந்தாய். 'என்னைப் போலவே யோசிக்கும் என் சகோதரி பெனிட்டாவுக்கு.' அம்மா அதை ஜெராக்ஸ் எடுத்து மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறாள். பால் போடுகிறவருக்குக்கூடக் காட்டினாள். நேற்று அதை நின்று படித்தேன். எழுத எப்படியடா கை வந்தது உனக்கு?

எனக்கு மேடை வேண்டாம், மன்னிப்பும் இப்போது வேண்டாம். அந்த இரண்டு பக்கம் வேண்டும். மூல நோட்டை அன்றைக்கே செம்மலை அண்ணன் கடையில் விட்டுவிட்டேன், கடையும் இப்போது இல்லை. உன்னிடம் இருக்கும். இல்லாமல் நீ பி.எச்டி. செய்திருக்க முடியாது. அனுப்பு. அனுப்பும்போது, இது பெனிட்டா எழுதியது என்று உன் கையால் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வேறு எதுவும் எழுதாதே.

பெனிட்டா

&nbsp;

ஹைதராபாத்
21 ஜூலை 2025

பெனி,

இத்துடன் இருக்கும் இரண்டு பக்கங்களும் என் சகோதரி ஜோ. பெனிட்டா எழுதியவை. நான் எழுதியவை அல்ல.
ஜோ. பெனோ

வேறு எதுவும் எழுதாதே என்றாய். மூன்று விஷயம் மட்டும்.

பயிற்சி முடிந்து கிளம்பும்போது வழிகாட்டி தன் கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த பிரதி இது. பதினொரு வருடமாக எந்த ஊருக்கு மாறினாலும் என் பையில்தான் இருந்தது. இரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் இருப்பது அவர் கையெழுத்து. என்னைப் பார்ப்பதற்கு முன்னால், தேர்வு செய்கிறபோது எழுதியது. அழித்துவிடலாம் என்று ஒருமுறை ரப்பரை எடுத்தேன். அழிக்கவில்லை. அவர் 2022இல் இறந்துபோனார். அவரிடமும் நான் சொல்லவில்லை.

கல்லூரிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். அந்தத் தலைப்பில் பேச நான் சரியான ஆள் இல்லை என்றேன். முதல்வர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் புகழ்ந்தார். உண்மையைச் சொன்னாலும் எனக்குத்தான் வரவாகிறது. நீ சொன்னது சரி.

கட்டுரை வெளியிட்ட இதழுக்கு எழுதியிருக்கிறேன். முதல் வரியைத் திருத்த வேண்டும், இந்தக் கேள்வியைக் கேட்டவர் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று. செய்வார்களா தெரியாது. என் அலுவலகத்திலும் கேள்வி வரும், வரட்டும். ரீனாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்.

பெனோ

&nbsp;

செக்காலை
3 ஆகஸ்ட் 2025

பெனோவுக்கு,

தபால் வந்தது. மில்லிலேயே பிரித்தேன். வீட்டில் பிரித்தால் அம்மா என்னவென்று கேட்பாள்.

என் கையெழுத்து அப்போது இன்னும் குண்டாக இருந்திருக்கிறது. முதல் பத்தியில் இரண்டு எழுத்துப்பிழை. கணக்கு ஒன்றும் தவறு. ஒரு தொட்டித் தண்ணீரைப் பாதியாகப் போட்டிருக்கிறேன். பத்து வருடம் மில்லில் இருந்துவிட்டேன், இப்போது தெரிகிறது. யாரோ தெரிந்த பெண் எழுதியது மாதிரி இருந்தது. நல்லாத்தானே எழுதியிருக்கிறாள் இந்தப் பெண் என்று நினைத்தேன். அவளை எனக்குப் பிடித்தது.

பிறகு பென்சிலில் எழுதியிருந்ததைப் படித்தேன். உனக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். இருந்தாலும் இங்கே எழுதுகிறேன், எழுதிப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. 'எந்தக் கிணறு? மில் வருவதற்கு முன் அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது என்று இவளுக்கு எப்படித் தெரியும்? இந்தப் பெண் வந்ததும் முதலில் இதைக் கேட்க வேண்டும்.'

இந்தப் பெண் வந்ததும்.

என்னைப் பார்க்காத ஒருத்தர் எனக்கு ஒரு கேள்வி வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். எடைமேடைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அப்பா செத்ததற்கும் அழவில்லை, கோப்பைப் பார்த்ததற்கும் அழவில்லை, இதற்கு அழுதேன். புஷ்பவள்ளி அக்கா உமித் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணை ஊதிவிட்டாள்.

சாயங்காலம் அம்மாவிடம், "அம்மா, ஞானசேகர் மாமா வீட்டுக் கிணத்துத் தண்ணி முன்னாடி எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பிறந்த வீட்டைப் பற்றிக் கேட்டால் அவள் எதற்கு என்று கேட்பதே இல்லை.

"அதையேன் கேக்குற. அம்புட்டு ருசியா இருக்கும். பருப்பு ஒரு கொதியில வெந்துரும். புதுவயல்ல பாதிப் பேரு எங்க வீட்ல வந்துதான் தண்ணி சேந்துவாக. கிழக்கால அந்த மில்லு வந்து ரெண்டு வருசத்துல பருப்பு வேகல. வெள்ளத் துணி பழுப்பேறிப் போச்சு. ஒங்க ரெண்டு பேருக்கும் மொதத் தண்ணி ஊத்துனது அந்தக் கெணத்துலதான். நீ வீல்னு கத்துன. அவன் கத்தவே இல்ல, பேசாம முழிச்சுக்கிட்டுக் கெடந்தான்."

ஆக, குடும்பத்துக் கிணறு என்று நீ சொல்லிவைத்தது முழுப் பொய் இல்லை. உன் அதிர்ஷ்டம் எப்போதும் அப்படித்தான்.

இதழுக்கு எழுதினாய் என்று படித்தேன். திருத்தினால் அனுப்பு. என் பெயரை அவர்கள் கேட்டால் ஜோ. பெனிட்டா என்று கொடு. அப்பா பெயருக்கு ஒரு எழுத்தும் ஒரு புள்ளியும் போதும்.

போனைத் திறக்கவில்லை. திறக்கும்போது திறப்பேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் எண்ணுக்குக் கூப்பிடு, "பெனோவுக்கு வேல சாஸ்தியா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அதை நீயும் அப்பாவும் முடிவு செய்தது போதும்.

பென்சில் கேள்விக்குப் பதிலைத் தனித்தாளில் எழுதி அந்த இரண்டு பக்கத்தோடு சேர்த்துக் குத்திவைத்திருக்கிறேன். உனக்கும் ஒரு பிரதி:

ஐயா, அது புதுவயலில் என் மாமா ஞானசேகர் வீட்டுக் கிணறு. மில் வருவதற்கு முன் அந்தத் தண்ணீரில் பருப்பு ஒரு கொதியில் வெந்தது. மில் வந்த இரண்டாம் வருடத்திலிருந்து வேகவில்லை. என் அம்மா அதில் சமைத்தவள், அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 2014 பிப்ரவரியில் ஏழு நாள், தினமும் காலையில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து, தேதி ஒட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். வரும்போது கொண்டுவரலாம் என்று இருந்தேன்.

ஜோ. பெனிட்டா
விண்ணப்ப எண் 2287